பிரெஞ்சு அரியணையில் ஒரு பெண்ணை ஏற்றுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்துகொண்டிருக்கும் பிரெஞ்சு இளவரசித் தொடர்கதையை முதல் வாரத்திலிருந்தே வாசித்து வருகிறேன். பாரிசின் லாச்சப்பலில் மரக்கறி வாங்கப் போகும்போது உங்கள் பத்திரிகையையும் பையில் போட்டுக்கொண்டு வருவது என் வழக்கம். கதை விறுவிறுப்பாகத்தான் போகிறது. 16ஆம் லூயிக்கு இல்லாத ஒரு மகளை உண்டாக்கி, 1789இல் அவளைக் குதிரையில் ஏற்றி, பசித்த சனத்துக்கு அரண்மனைக் களஞ்சியத்தைத் திறக்க வைத்து, போன வாரம் நோத்ர தாம் தேவாலயத்தில் அவளுக்கு முடியும் சூட்டிவிட்டார் எழுத்தாளர். புரட்சி அதோடு நின்றுவிட்டது. கில்லட்டினுக்கு வேலையே இல்லை. தையல்காரியும் பூக்காரியும் அரசியை வாழ்த்திப் பாடுகிறார்கள்.

இல்லாத இளவரசியை ஏன் எழுதினீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். கற்பனைக்கு வரி போட முடியாது. என் முறைப்பாடு வேறு. அந்தப் பெண்ணுக்குப் பட்டுப்பாவாடை இருக்கிறது, வாள் இருக்கிறது, காதலன்கூட இருக்கிறான். ஒரு பிரெஞ்சு இளவரசியின் வாழ்க்கை மட்டும் இல்லை. அவளைப் போன்றவர்கள் எந்தச் சுவரில் முட்டி நின்றார்களோ, அந்தச் சுவரை எழுத்தாளர் கண்டதாகவே தெரியவில்லை.

நான் ஊரில் வரலாறு படிப்பித்தவள். இப்போது பாரிசுக்குப் பக்கத்தில் சென் தெனியில் இருக்கிறேன். பிரெஞ்சு அரசர்களை அடக்கம் செய்த ஊர் இது. பசிலிக்கா மெட்ரோவால் ஏறி வெளியே வந்தால் ஒரு பக்கம் சந்தை, மறுபக்கம் எழுபதுக்கும் மேற்பட்ட கல்லுருவங்கள் மல்லாந்து படுத்திருக்கும் தேவாலயம். அவற்றில் பெண்களும் நிறையப் பேர். யாரின் மகள், யாரின் மனைவி, யாரின் தாய் என்று எழுதியிருக்கும். ஆண்டவள் என்று ஒருத்திக்கும் எழுதியிருக்காது.

ஏன் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், கதையின் ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

1316 ஜூனில் 10ஆம் லூயி இறந்தார். ஜோன் என்ற நாலு வயது மகள் இருந்தாள். மனைவி கர்ப்பமாக இருந்தார். நவம்பர் 15ஆம் தேதி ஆண்பிள்ளை பிறந்தது. பிறந்த கணமே அரசன், முதலாம் ஜான் என்று பெயர். ஐந்து நாள்கூடத் தாண்டவில்லை. தகப்பனுக்குப் பக்கத்தில் சின்ன உருவமாக அந்தப் பிள்ளை இன்றும் இங்கே படுத்திருக்கிறது. அடுத்தது யார்? முறைப்படி பார்த்தால் அக்காள் ஜோன். ஆனால் சித்தப்பன் பிலிப் முந்திக்கொண்டார். 1317 ஜனவரியில் ரேன்ஸ் நகரில் முடி சூடினார். பிப்ரவரியில் பிரபுக்களையும் குருமாரையும் கூட்டி, பெண் பிரான்சை ஆள முடியாது என்று சொல்ல வைத்தார். ஜோனின் தாய்மீது ஒழுக்கக்குற்றம் சாட்டிச் சிறையில் போட்டிருந்தார்கள், அங்கேயே அவர் இறந்தும் போயிருந்தார். பிள்ளை யாருடையது என்ற குசுகுசுப்பும் பிலிப்புக்கு வசதியாகப் போயிற்று.

பன்னிரண்டு வருடத்துக்குள் அதே நாடகம் இன்னொரு முறை. 1328 பிப்ரவரி 1ஆம் தேதி, பிலிப்புக்குப் பிறகு அரசரான தம்பி 4ஆம் சார்ல் இறந்தார். மறுபடியும் கர்ப்பிணி விதவை, மறுபடியும் நாடே பிரசவ அறை வாசலில். ஏப்ரல் 1ஆம் தேதி பெண்பிள்ளை பிறந்தது. பிளாஞ்ச் என்று பெயர். அவள் ஆணாக இருந்திருந்தால் அன்றே அரசன். பெண் என்றபடியால் ஒன்றுவிட்ட பெரியப்பன் வலுவா பிலிப் அரசரானார், இங்கிலாந்தின் 3ஆம் எட்வர்ட் தன் தாய்வழி உரிமையைக் காட்டிப் பின்னால் சண்டைக்கு வந்தார், நூறாண்டுப் போர் என்று நாங்கள் படித்தது அதுதான். அத்தனைக்கும் காரணமான பிளாஞ்ச் ஓர்லேயான் கோமகளாக 1393 வரை சத்தமில்லாமல் வாழ்ந்து முடித்தார். என்னைக் கேட்டால், தொடர்கதை எழுத வேண்டியது அவரைப் பற்றித்தான்.

அதே 1328இல் அந்த ஜோனுக்கு நவார் நாடு கிடைத்தது. பிரனீஸ் மலைப்பக்கம் அப்படிப்பட்ட தடை இல்லை. அடுத்த வருடம் பம்ப்லோனாவில் கணவனோடு முடி சூடினாள். ஒரே பெண், ஒரு நாட்டில் ஆளத் தகுதியில்லாதவள், அடுத்த நாட்டில் அரசி.

சாலிக் சட்டம் என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அது அந்த நேரத்தில் யாருடைய வாயிலும் இல்லை. 1358 அளவில் ரிஷார் லெஸ்கோ என்ற துறவி, எங்கள் சென் தெனி மடத்துக்காரர்தான், ஃபிராங்குகளின் பழைய சட்ட ஏட்டைக் கிளறி எடுத்துக் காட்டினார். நிலம் பெண்ணுக்குப் போகக்கூடாது என்று அதில் ஒரு பிரிவு. அதை நாட்டுக்கும் பொருத்திவிட்டார்கள். தீர்ப்பு முதலில், சட்டம் நாற்பது வருடம் கழித்து. எங்கள் ஊர்க் காணி வழக்குகளில்கூட இப்படி நான் கேள்விப்பட்டதில்லை.

எனவே பிரான்சை ஆளும் ஒரு பெண் வேண்டுமென்றால் எழுத்தாளர் 1317இல் கை வைக்க வேண்டும். வைத்தால் என்ன நடக்கும்? வலுவா வம்சம் வராது. நூறாண்டுப் போர் அந்த வடிவில் வராது. அது வராவிட்டால் ஓர்லேயானை மீட்ட ஜோன் ஆஃப் ஆர்க் ஆடு மேய்த்துக்கொண்டே இருந்திருப்பாள். 16ஆம் லூயியின் பூர்போன் வம்சத்தார் அரியணைக்குக் கிட்ட வந்திருக்க மாட்டார்கள். வெர்சாய் அரண்மனை எழும்பிய இடம் வேட்டைக்காடாகவே கிடந்திருக்கும். அப்புறம் 16ஆம் லூயியின் மனைவி மரி அந்துவானெத்துக்கு மகளாவது, அவளுக்குக் குதிரையாவது! 1317ஐத் தொடாமல் 1789இல் மட்டும் பெண்ணை ஏற்றினால், அவளுக்கு முன்னால் தகப்பனின் தம்பிமார் இருவர் நிற்கிறார்கள், இளைய தம்பியின் மகன்மார் இருவர், பின்னால் ஓர்லேயான் கிளை. கதையில் இவர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. எல்லாரும் விருந்தில் இருந்தார்கள்போல.

நோத்ர தாமில் முடிசூட்டியதும் சரியில்லை. அரசர்களுக்கு ரேன்ஸ். நோத்ர தாமில் பிரான்சின் அரசனாக முடி சூட்டிக்கொண்டது 1431இல் இங்கிலாந்துப் பையன் 6ஆம் ஹென்றி. அதற்குப் பிறகு 1804இல் நெப்போலியன், அவர் பேரரசர். அரசரின் மனைவிமார் பலருக்கு முடி சூட்டியது இங்கே, சென் தெனியில். கடைசியாக 1610 மே 13ஆம் தேதி மரி த மெதிசிக்கு நடந்தது. மறுநாள் கணவர் 4ஆம் ஆன்ரியைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள்.

சரி, முடிக்குக் கிட்டவாவது போன ஓர் இளவரசி வேண்டுமென்றால் 16ஆம் லூயிக்கு உண்மையாகவே ஒரு மகள் இருந்தாள். மரி தெரேஸ் ஷார்லொத். 1778 டிசம்பரில் பிறந்தாள். 1792இல் தாய் தகப்பன், தம்பி, அத்தையோடு தாம்பிள் கோட்டைக்குள் போனவள், நாலு பேரையும் இழந்து, பதினேழு வயது நிறைகிற நேரத்தில் தனியாக வெளியே வந்தாள். அத்தை மகன் இல்லை, சித்தப்பன் மகனையே கட்டினாள். 1830 ஆகஸ்ட் 2ஆம் தேதி மாமனார் 10ஆம் சார்ல் முடி துறந்து கையெழுத்திட்டார். கணவர் கையெழுத்திட இருபது நிமிடம் பிந்தினார் என்று சொல்வார்கள். அந்த இருபது நிமிடம் அவள் பிரான்சின் அரசி. அதுகூடக் கணவன் வழியாக. இவளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

எனக்குப் பிடித்தவர்கள் அவளுக்கு முந்திய தலைமுறை. 15ஆம் லூயியின் பெண்கள்.

ஐந்து பெற்றால் அரசனும் ஆண்டி என்போமே, இந்த அரசனுக்கு எட்டுப் பெண். பத்துப் பிள்ளையில் ஆண்கள் இரண்டே இரண்டு, அதிலும் ஒன்று சின்னதிலேயே போய்விட்டது. 1727இல் இரட்டைப் பெண்கள், எலிசபெத்தும் ஆன்ரியெத்தும். பிறகு மரி லூயிஸ், அதெலாயித், விக்துவார், சோஃபி, தெரேஸ், 1737இல் லூயிஸ். பிறந்தவுடன் தண்ணீர் தெளித்துவிட்டு, பெயர் சூட்டும் சடங்கை வருடக்கணக்கில் தள்ளிப்போடுவது அந்த வீட்டு வழக்கம். அதுவரைக்கும் பெண்களுக்கு இலக்கம்தான் பெயர். முதலாம் மதாம், அதாவது முதலாம் அம்மணி, இரண்டாம் மதாம், மூன்றாம் மதாம். மூன்றாவது பெண் மரி லூயிஸ் 1733இல் ஐந்து வயதுகூட நிறையாமல் இறந்ததும் நாலாவதாக இருந்த அதெலாயித் மூன்றாம் மதாம் ஆகிவிட்டாள், அவளுக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அங்கிருந்தே இலக்கம் தொடர்ந்தது. எட்டாவது பெண் லூயிஸ் அதனால் ஏழாம் மதாம். அவள் பிறந்தபோது தகப்பன் ‘கடைசி மதாம்’ என்றாராம்.

1738இல் அரசி மரி லெஸ்ஸின்ஸ்காவுக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது. அதற்குப் பிறகு பிள்ளை இல்லை.

எழுத்தாளருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: அந்த ஒரு இடத்தில் மட்டும் கை வையுங்கள். அந்தக் கரு நிற்கட்டும். 1738 ஐப்பசி கார்த்திகை அளவில் ஒரு பெண்பிள்ளை பிறக்கட்டும். கடைசி என்று சொன்னதற்குப் பிறகு வந்தவள். எட்டாம் மதாம். வேறு எதையும் மாற்ற வேண்டாம். சட்டம் அப்படியே இருக்கட்டும், புரட்சி அப்படியே வரட்டும். இப்படி ஒருத்தி பிறந்திருந்தால் வரலாறு ஓர் அங்குலமும் நகர்ந்திருக்காது. அவளைச் சுற்றிக் கதை பண்ண எனக்கு ஆசை வருவதே அதனால்தான்.

அவளுக்கு என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க அதிகம் கஷ்டப்பட வேண்டியதில்லை. அக்காமாருக்கு நடந்ததையே பார்த்தால் போதும்.

1738 ஜூனில், வெர்சாயில் இத்தனை பெண்களை அவரவர்க்குரிய பரிவாரத்தோடு வைத்திருக்கக் கட்டாது என்று முதிய அமைச்சர் கர்தினால் ஃப்ளெரி கணக்குப் பார்த்து, இளையவர்கள் நாலு பேரை ஃபொந்தெவ்ரோ மடத்துக்கு அனுப்பினார். ஏறக்குறைய 300 கிலோமீட்டர். மூத்தவளுக்கு ஐந்து வயது, கடைக்குட்டிக்கு ஒரு வயது நிறையவில்லை. அதெலாயித்தும் போக வேண்டியவள்; தகப்பனிடம் அழுது கெஞ்சி நின்றுவிட்டாள். மற்றவர்களைப் பார்க்கப் பத்து, பன்னிரண்டு வருடமாகத் தாயும் போகவில்லை, தகப்பனும் போகவில்லை. எட்டாம் மதாமைப் பால் மறந்ததும் 1740இல் அனுப்பியிருப்பார்கள். குழந்தைக்கு வெர்சாய் ஞாபகத்தில் இருக்காது.

ஃபொந்தெவ்ரோ சாதாரண மடம் அல்ல. அங்கே தலைவி எப்போதும் பெண். ஆண் துறவிகளும் அவளுக்குக் கீழ்ப்படிய வேண்டும். அரச ரத்தத்துப் பெண்கள் பலர் அந்தப் பதவியில் இருந்தவர்கள். அக்கித்தேன் எலியனோரும் சிங்கநெஞ்சன் ரிச்சர்டும் அங்கே புதைக்கப்பட்டவர்கள். பெண் ஆளக்கூடாத நாட்டுக்குள் பெண் ஆண்ட ஒரு மதிலுக்குள்தான் அந்தப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். தண்டனை என்று கன்னியரைப் புதைக்கும் நிலவறையில் தனியே செபம் சொல்லப் போகவிட்டார்கள் என்றும், அதனால் வந்த திடுக்கம் தன்னைவிட்டுப் போகவேயில்லை என்றும் விக்துவார் பின்னாளில் சொன்னதாகக் காம்பான் அம்மையார் எழுதிவைத்திருக்கிறார். இந்தக் காம்பான் அரண்மனையில் அந்தப் பெண்களுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டியவர். பெண்களைப் பற்றி அவர் சொல்லும் சின்னச் சின்ன விடயங்கள் வேறு எங்கேயும் கிடைக்காது.

1744இல் தெரேஸ் அங்கேயே பெரியம்மையில் இறந்தாள், எட்டு வயது. ஆறாம் மதாம் அவள். என் எட்டாம் மதாமுக்கு அப்போது ஆறு வயது ஆகப்போகிறது. பெயர்ச் சடங்கு இன்னும் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்த இரட்டையருக்கே பத்து வயது ஆகிறபோதுதான் நடந்தது. ஒரு காலையில் கன்னியர் வந்து, இன்றிலிருந்து நீ ஏழாம் மதாம் என்கிறார்கள். அக்காவைக் காணவில்லை, தன் பெயரும் மாறிவிட்டது. இந்தக் காட்சியை எந்த எழுத்தாளருக்கும் நான் இலவசமாகத் தருகிறேன்.

1740இல் வியன்னாவில் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மகன் இல்லாத பேரரசர் 6ஆம் சார்ல் பெண்ணுக்கும் உரிமை உண்டு என்று 1713லேயே எழுதிவைத்திருந்தார். 23 வயது மரியா தெரேசா தகப்பனின் நாடுகளை எடுத்துக்கொண்டாள். அது செல்லாது என்று அவள்மீது படை கொண்டு போனவர்களில் பிரான்சும் ஒன்று. எட்டு வருடச் சண்டை. சமாதானம் பேசியபோது கிடைத்த பங்கில் பார்மா என்ற சின்னக் கோமகவு 15ஆம் லூயியின் மூத்த மகளின் கணவனுக்குப் போனது. பெண்ணின் உரிமையை எதிர்த்துப் போன போரில் மகளுக்குக் குடும்பம் நடத்த ஒரு நாடு.

அந்த மூத்தவள் எலிசபெத்துக்கு மட்டுமே கல்யாணம் நடந்தது. 1739இல், பன்னிரண்டு வயதில், ஸ்பெயின் அரசரின் இளைய மகனுக்கு. மற்ற எல்லாரும் குமராகவே இருந்து கிழவியானார்கள். பிரான்சின் மகள் என்ற தரம் அவ்வளவு உயரம். அரசனுக்கோ அரசனாகப் போகிறவனுக்கோ கொடுக்க வேண்டும், அவன் கத்தோலிக்கனாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் ஐரோப்பாவில் எத்தனை பேர்? ஆன்ரியெத்துக்கு ஓர்லேயான் வீட்டுப் பையனில் விருப்பம் என்று பேச்சிருந்தது, தகப்பன் சம்மதிக்கவில்லை. அவள் 1752இல் இருபத்துநாலு வயதில் இறந்தாள். கீழே இறங்கிக் கொடுக்கவும் மாட்டார்கள், மேலே இடமும் இல்லை. சீதனம் இல்லாமல் நின்ற குமர்களை ஊரில் நிறையக் கண்டிருக்கிறேன். அந்தஸ்துக் கூடியதால் நின்ற குமர்கள் இவர்கள்.

1747இல் ஓவியர் நத்தியேயை ஃபொந்தெவ்ரோவுக்கு அனுப்பி மூன்று பெண்களையும் வரைந்து எடுத்துவரச் செய்தார் அரசர். பிள்ளைகள் வளர்ந்து எப்படி இருக்கிறார்கள் என்பதைத் தாய் முதலில் கண்டது துணியில். அந்தக் கிழமை என் இளவரசிக்குக் காய்ச்சல். ஓவியர் மூன்று பேரை வரைந்துகொண்டு போய்விட்டார். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

1750இல் சோஃபியோடும் லூயிஸோடும் அவளும் வெர்சாய் திரும்புகிறாள். அங்கே பெண்களின் ஒரு நாள் எப்படி என்று காம்பான் சொல்வதைக் கேளுங்கள். காலையில் அரசர் தன் கையால் போட்ட கோப்பியோடு அந்தரங்கப் படிக்கட்டால் அதெலாயித்தின் அறைக்கு வருவார். அதெலாயித் மணியை இழுத்து விக்துவாருக்குச் சொல்வாள். விக்துவார் எழும்பி சோஃபிக்கு மணி அடிப்பாள், சோஃபி லூயிஸுக்கு. லூயிஸின் அறை எல்லாவற்றுக்கும் கடைசி. உடம்பும் கோணல், குள்ளம். அறை அறையாக ஓடி வந்து சேர, தகப்பன் வேட்டைக்குக் கிளம்பும் நேரமாகிவிடும். ஒரு முத்தத்துக்குத்தான் நேரம் இருக்கும். இப்போது லூயிஸுக்கும் அடுத்த அறையில் இன்னொருத்தி இருக்கிறாள் என்று வையுங்கள். லூயிஸ் ஓடும் அவசரத்தில் மணியை இழுக்க மறந்தாலும் மறப்பாள். மாலையில் அரசர் வேட்டையால் வந்து சப்பாத்துக் கழற்றும் சடங்கு. வீட்டு உடுப்புக்கு மேல் பெரிய வளையப் பாவாடையைக் கட்டி, பின்தொங்கலைக் கொளுவி, மிச்சத்தைக் கறுப்புப் பட்டுப் போர்வையால் நாடிவரை மூடிக்கொண்டு பெண்கள் போவார்கள். நெற்றியில் ஒரு முத்தம். கால் மணி நேரத்தில் திரும்பி வந்து தையலை எடுப்பார்கள். உங்கள் தொடரில் வாரத்துக்கு ஒரு நடனவிருந்து வருகிறது. இந்தப் பதினைந்து நிமிடத்துக்காக ஒரு நாளைக்கு ஒரு முறை அந்தப் பாவாடையைக் கட்டி அவிழ்ப்பதை யாரும் எழுதவில்லை.

1770 ஏப்ரலில் லூயிஸ் அக்காமார் ஒருவருக்கும் சொல்லாமல் விடியற்காலையில் வெர்சாயை விட்டுக் கிளம்பி, சென் தெனி கார்மேல் மடத்தில் வந்து சேர்ந்துவிட்டாள். அப்போது வயது 32. சாக்குப் போன்ற முரட்டு உடுப்பும் கொழுப்பு விளக்கின் நாற்றமும் பழகிவிட்டதாம். படி இறங்குவதுதான் முடியவில்லையாம். பிறந்த நாளிலிருந்து யாருடைய கையையாவது பிடித்தே இறங்கியவள். அந்த மடம் இப்போது எங்கள் ஊர் நூதனசாலை. பொல் எலுவார் என்ற கவிஞரின் பெயர் வைத்திருக்கிறார்கள். நடைகூடச் சுவர்களில் கன்னியரின் வாசகங்கள் இன்னும் இருக்கின்றன. அரண்மனைகளில் வராத எண்ணம் அங்கே எனக்கு வரும்: அந்தக் குடும்பத்துப் பெண்களில் தன் வாழ்க்கையைத் தானே தெரிவு செய்தவள் இவள் ஒருத்திதான்போலும்.

1774இல் தகப்பனுக்குப் பெரியம்மை. பேரனான இளவரசனைக் கிட்ட விடவில்லை, அடுத்த அரசன் அல்லவா. அதெலாயித், விக்துவார், சோஃபி மூன்று பேரும் கட்டிலடியை விட்டு நகரவில்லை. மூன்று பேருக்கும் அம்மை தொற்றித் தப்பினார்கள். என் இளவரசியும் கூட இருந்தாள், அவளுக்கும் தொற்றியது, முகம் முழுக்கத் தழும்பு. யாரும் வரையாத முகம். இப்போது பழைய ஆட்களுக்கும் மட்டுப்பிடிக்க முடியாத முகம்.

1791 பிப்ரவரியில் அதெலாயித்தும் விக்துவாரும் பெல்வ்யூ மாளிகையிலிருந்து ரோமுக்குக் கிளம்பினார்கள். வழியில் ஆர்னே-ல-துய்க் என்ற சிற்றூர்க்காரர் வண்டியை மறித்துப் பலநாள் வைத்திருந்தார்கள். பாரிசில் தேசிய சபை இந்த இரண்டு கிழவிகளைப் பற்றி மணிக்கணக்காக விவாதித்தது. பாரிசில் பூசை காண்பதைவிட ரோமில் பூசை காண விரும்பும் இரண்டு பெண்களுக்காகச் சபை நாலு மணி நேரம் செலவழித்ததை அறிந்தால் ஐரோப்பா திகைக்கும் என்று மெனூ என்ற உறுப்பினர் எழுந்து சொன்ன பிறகுதான் விட்டார்கள். போனவர்கள் திரும்பவேயில்லை. நெப்போலியனின் படை இத்தாலிக்குள் இறங்க இறங்க ரோம், நேப்பிள்ஸ், த்ரியெஸ்தே என்று ஓடினார்கள். விக்துவார் 1799இல் இறந்தாள், அதெலாயித் அடுத்த வருடம். அகதியாக ஓடுவதைப் பற்றி எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை, அதனால் இங்கே நிறுத்துகிறேன்.

எட்டாம் மதாம் அவர்களோடு போகவில்லை. அன்றைக்கு வண்டியில் இடம் இல்லை என்பார்களோ, அவளே வர மாட்டேன் என்றாளோ, அது எழுத்தாளரின் விருப்பம். அவள் சென் தெனிக்கு வருகிறாள். தங்கை மாதிரி வளர்ந்த அக்கா லூயிஸ் 1787இல் இறந்து கார்மேல் மடத்திலேயே அடக்கமாகியிருந்தாள். 1792இல் மடத்தை மூடினார்கள். இவள் ஊருக்குள் ஓர் அறை எடுத்து, தையல் வேலை செய்கிறாள். பூவேலை நன்றாகத் தெரியும், நாற்பது வருடம் அதைத்தானே செய்தாள். 1793இல் ஊரின் பெயரையே ஃபிரான்சியாத் என்று மாற்றினார்கள். அந்த ஐப்பசியில் பசிலிக்காவுக்குள் அரச கல்லறைகளைத் தோண்டினார்கள். பெட்டிகளின் ஈயம் துப்பாக்கிக் குண்டுக்கு, உடல்கள் வெளியே வெட்டிய குழிக்கு, சுண்ணாம்போடு. 15ஆம் லூயியின் பெட்டியைத் திறந்தது அக்டோபர் 16. மரி அந்துவானெத்தின் தலையை வெட்டிய அதே நாள். கார்மேலில் கிடந்த லூயிஸையும் விடவில்லை.

வேடிக்கை பார்த்த ஊர்ச்சனத்துக்குள் 55 வயதுத் தையல்காரி ஒருத்தி நிற்கிறாள். அவளை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரியாது. அவளுக்கு ஓவியம் இல்லை, வெளிநாட்டுக்குப் போன கல்யாணப் பேச்சு இல்லை, பெயர்கூடச் சரியாக இல்லை. வெர்சாய் அவளைக் கணக்கில் எடுக்காமல் விட்டதுதான் அவளைக் காப்பாற்றுகிறது. எல்லார் கண்ணிலும் பட்ட அண்ணன் மகள், 16ஆம் லூயியின் தங்கை எலிசபெத்துக்கு அடுத்த மே மாதம் கில்லட்டின்.

அதற்குப் பிறகுதான் கதை எனக்கு இன்னும் சுவைக்கிறது. 1814இல் அண்ணன் மகன் 18ஆம் லூயியாக வந்து அமர்கிறார். 1817 ஜனவரியில் குழிகளைத் தோண்டி, கலந்து கிடந்த எலும்புகளை அள்ளி பசிலிக்கா நிலவறைக்குள் வைத்துப் பெயர்ப்பலகைகள் பதிக்கிறார்கள். கிழவிக்கு 78 வயது. நான் உங்கள் அத்தை என்று ஒரு மனு எழுதுகிறாள். யார் நம்புவார்கள்? தாம்பிள் சிறையில் இறந்த சிறுவன் 17ஆம் லூயி நான்தான் என்று சொல்லிக்கொண்டு அந்த நாளில் ஆள்மாறி ஆள் வந்தார்கள். 1818இல் மத்துரேன் புருனோ என்பவனை ருவானில் வைத்து விசாரித்துச் சிறையில் போட்டார்கள். பிறகு நோண்டோர்ஃப் என்ற மணிக்கூடு திருத்துபவர் வந்தார், அவருக்குப் பல வருடம் கூட்டம் சேர்ந்தது. சிறுவனின் உடலிலிருந்து மருத்துவர் எடுத்து வைத்த இருதயத்தை 2000ஆம் ஆண்டு மரபணுச் சோதனை செய்துதான் அந்தப் பேச்சு அடங்கியது. 2004 ஜூனில் அதை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள், படிகக் குடுவையில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். பொய்யான அரசகுமாரர்களுக்கு இந்த நாட்டில் ஆதரவாளரும் வழக்கறிஞரும் கிடைத்தார்கள். உண்மையான எட்டாம் மதாமின் மனுவை எழுத்தர் ஒருவர் பார்த்து, 15ஆம் லூயிக்கு இப்படி ஒரு மகள் பதிவில் இல்லையே என்று ஒதுக்கிப் போடுவார். அவர்மேல் பிழை சொல்லவும் முடியாது.

ஆசிரியர் அவர்களே, கடிதம் நீண்டுவிட்டது. வெட்டுவதானால் ரேன்ஸ் பற்றிய பகுதியை வெட்ட வேண்டாம். தொடர் நூலாக வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அச்சுக்குப் போகுமுன் முடிசூட்டு விழாவையாவது நோத்ர தாமிலிருந்து மாற்றச் சொல்லுங்கள். சித்தப்பன்மார் இருவருக்கும் ஆளுக்கு ஒரு வசனமாவது கொடுக்கச் சொல்லுங்கள். அடுத்த தொடருக்கு ஆள் தேவையென்றால் எட்டாம் மதாமை எழுத்தாளர் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். சீதனம் ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருத்தி,
சென் தெனி, பிரான்ஸ்.